யாருக்குடி சங்கு ஊதுறே?

போன வருஷம் வைகாசியில் என் தம்பி மகளுக்குக் கல்யாணம். மண்டபம் அறந்தாங்கியில். முதல் நாள் ராத்திரி மாப்பிள்ளை அழைப்பெல்லாம் முடிந்து, மாடி ஹாலில் ஜமக்காளம் விரித்துப் பெண்கள் வரிசையாகப் படுத்தோம். இருபது பேர் இருப்போம். மறுநாள் விடியற்காலையில் காபி டம்ளரோடு இறங்கி வந்தால், மணமேடைக்குப் பக்கத்தில் சின்னப் பெண்கள் நாலைந்து பேர் ஒரு போனைச் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் சிரிப்பு சட்டென்று நின்றது. இருபத்தெட்டு வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறேன். எந்தச் சிரிப்பு யாரைப் பற்றியது என்று எனக்குத் தெரியாதா? "கொண்டா போனை" என்றேன்.

ஒரு நிமிஷ வீடியோ. இருட்டில் முகம் தெரியவில்லை, சத்தம் மட்டும்தான். மாவு மில் ஓடுகிற மாதிரி ஒரு குறட்டை. நான் குறட்டை விடுவேன் என்பது எனக்குப் புதுச் செய்தி இல்லை, வீட்டில் எல்லாரும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்கள். ஆனால் நடுவில் அந்தச் சத்தம் நின்றுவிடுகிறது. மூச்சுச் சத்தமும் இல்லை. மின்விசிறி ஓடுவது மட்டும் கேட்கிறது. கணக்கு டீச்சர் எதையும் எண்ணாமல் இருக்க மாட்டாள். எண்ணினேன். இருபத்து மூன்று வினாடி. அப்புறம் கிணற்றில் முங்கியவளைத் தலைமயிரைப் பிடித்துத் தூக்கின மாதிரி ஒரு இழுப்பு. மறுபடி மாவு மில்.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "சரி, அழிச்சிடுங்க" என்றேன். அழித்திருக்க மாட்டார்கள்.

ஆம்பளை குறட்டை விட்டால், பாவம் மனுஷன், அலுத்துப்போய்த் தூங்குகிறார் என்பார்கள். பொம்பளை விட்டால் அது குறை. இதற்காகவே நான் சொந்தக்காரர் வீடுகளில் தங்குவதை விட்டுப் பல வருஷம் ஆகிறது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் கண்ணை மூடாமல் இருக்க இஞ்சி மிட்டாய் வாங்கி வைத்துக்கொள்வேன். மகனுக்குப் பெண் பார்க்கப் போனபோது, வருகிற மருமகள் பக்கத்து அறையில் படுப்பாளே என்று யோசித்தவள் நான். இதை ஒரு நோய் என்று யோசிக்கவே இல்லை, அதுதான் வேடிக்கை. தூக்கத்தில் மூச்சு அடைபட்டு நிற்கிற நோய், தூக்க மூச்சுத்தடை, இங்கிலீஷில் ஸ்லீப் ஆப்னியா.

யோசிக்க வேண்டிய அறிகுறிகள் எல்லாம் இருந்தன. ராத்திரி மூன்று தடவை சிறுநீர் கழிக்க எழுந்திருப்பேன். சர்க்கரையோ என்று பார்த்தால் சர்க்கரை இல்லை. காலையில் எழுந்ததும் தலைவலி, எட்டு மணிக்குத் தானாகப் போய்விடும். பிரஷருக்கு இரண்டு மாத்திரை போட்டும் இறங்காது. தேர்வு அறையில் மேற்பார்வைக்கு நின்றுகொண்டே கண் சொக்கும். தைராய்டு பார்த்தோம், ரத்தம் குறைவா என்று பார்த்தோம். ஒரு டாக்டர், "மாதவிடாய் நிக்கிற வயசும்மா, அப்படித்தான் இருக்கும்" என்றார். இன்னொருவர் நான் ராத்திரி சரியாகத் தூங்குவதில்லை என்று சொன்னதைக் கேட்டு, தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். என் நிலைமைக்கு அது வேண்டவே வேண்டாத ஒன்று என்று பின்னால்தான் தெரிந்தது. தூக்க மாத்திரையும் மதுவும் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்திவிடும், மூளை விழித்துக்கொள்வதையும் தாமதமாக்கும். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு இந்தத் தொந்தரவு கூடுகிறது என்பதும் உண்மை. முதல் டாக்டர் பாதி வழி சரியாகத்தான் வந்தார், அங்கேயே நின்றுவிட்டார்.

இந்தத் தொந்தரவுக்கு எந்த டாக்டரிடம் போவது என்றே பலருக்குத் தெரிவதில்லை. நுரையீரல் டாக்டரிடமோ காது மூக்கு தொண்டை டாக்டரிடமோ போகலாம். நாங்கள் புதுக்கோட்டையிலிருந்து திருச்சி தில்லைநகர்ப் பக்கம் ஒரு நுரையீரல் டாக்டரைப் பார்க்கப் போனோம். அவர் முதலில் ஒரு தாளைக் கொடுத்தார். உட்கார்ந்து படிக்கும்போது, டிவி பார்க்கும்போது, மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் என்று எட்டுச் சூழ்நிலைகள். ஒவ்வொன்றிலும் தூங்கிப்போக எவ்வளவு வாய்ப்பு என்று 0 முதல் 3 வரை நாமே மார்க் போட வேண்டும். 24-க்கு 10-க்கு மேல் வாங்கினால் கவனிக்க வேண்டும். எப்வொர்த் அளவுகோல் என்று பெயர், ஆஸ்திரேலியாவில் 1991-இல் உருவாக்கியது. நான் 17 வாங்கினேன். அப்புறம் இன்ச் டேப் எடுத்துக் கழுத்தைச் சுற்றி அளந்தார். டெய்லர் அளக்கிற கழுத்து வேறு, இது வேறு. 40 சென்டிமீட்டரைத் தாண்டினால் சந்தேகப்பட வேண்டுமாம். எனக்கு 41.

"வீட்டுக்காரர் என்ன சொல்றார்?" என்று கேட்டார் டாக்டர். இவர் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பேச்சு கம்மி. "மூச்சு நின்னா தோள்ல தட்டுவேன் சார். மறுபடி வந்துடும்" என்றார். எத்தனை வருஷமாக என்று டாக்டர் கேட்டதற்கு, "ஏழெட்டு வருஷம் இருக்கும்." என்னிடம் இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. பஸ்ஸில் திரும்பும்போது, "ஏங்க சொல்லலே?" என்றேன். "நீ சங்கடப்படுவேன்னுதான்" என்றார்.

பரிசோதனை என்பது ஒரு ராத்திரி அங்கேயே போய்த் தூங்குவது. ஒன்பது மணிக்கு வரச் சொன்னார்கள். பரிசோதனைக்குப் போகிறோமே என்று அன்று காலை நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்து, சாயங்காலம் தேங்காய் எண்ணெய் வைத்துப் பின்னிக்கொண்டு, சுத்தமாகப் போனேன். டெக்னீஷியன் பெண் என் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அம்மா, எண்ணெய் வெச்சிருக்கீங்களே!" என்று கிட்டத்தட்ட அழுதுவிட்டாள். மூளையின் மின்துடிப்பைப் பார்க்கத் தலையில் வயர் ஒட்ட வேண்டும், எண்ணெய் இருந்தால் ஒட்டாது. இவர் கீழே கடைக்குப் போய் ஷாம்பு பாக்கெட் வாங்கி வந்தார். ராத்திரி ஒன்பதரைக்குத் திருச்சியில் தலைக்குக் குளித்தேன். கண்ணோரம், முகவாய், மார்பு, கெண்டைக்கால் எல்லாவற்றிலும் வயர். மார்பைச் சுற்றி ஒரு பட்டை, வயிற்றைச் சுற்றி ஒன்று. மூக்குக்குக் கீழே குழாய். ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று பார்க்கிற கிளிப்பை, மருதாணி இல்லாத விரலாகத் தேடி மாட்டினாள். இதோடு எப்படித் தூங்குவது என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. அடுத்த ஞாபகம், அவள் என்னை எழுப்பி முகத்தில் ஒரு மாஸ்க்கை மாட்டியது. முதல் பாதியிலேயே போதுமான அளவு தெரிந்துவிட்டதாம், மீதி ராத்திரி மெஷினோடு பார்க்கலாம் என்றாள். காலை ஐந்தரைக்கு எழுப்பினாள்.

அன்று காலை எனக்குத் தலை வலிக்கவில்லை. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

ரிப்போர்ட்டில் முக்கியமானது ஒரே ஒரு எண், ஏ.எச்.ஐ. என்கிறார்கள். பத்து வினாடி அல்லது அதற்கு மேல் மூச்சு நிற்பதும், நன்றாகத் தேய்ந்துபோவதும் ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை என்ற கணக்கு. 5-க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. 15 வரை லேசு, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. எனக்கு 38. மல்லாந்து படுத்தால் 51, ஒருக்களித்தால் 23. ஆக்ஸிஜன் ஒரு கட்டத்தில் 76 சதவீதம் வரை இறங்கியிருக்கிறது. கொரோனா நேரத்தில் 94-க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரிக்கு ஓடினோமே, அந்தக் கணக்கில் பாருங்கள்.

தூங்கும்போது தொண்டைத் தசை தளர்வது எல்லாருக்கும் உள்ளதுதான். எங்களைப் போன்றவர்களுக்குத் தொண்டையே ஒட்டிக்கொண்டுவிடுகிறது. மார்பு காற்றை இழுக்கிறது, உள்ளே வழி இல்லை. ஆக்ஸிஜன் இறங்கியதும் மூளை அலாரம் அடித்து அரை விழிப்புக்குக் கொண்டுவருகிறது. மூச்சு வந்ததும் மறுபடி தூக்கம். நமக்கு எதுவும் நினைவிருக்காது. ராத்திரி மூன்று தடவை எழுந்ததற்கும் இதுதான் காரணமாம். அடைபட்ட தொண்டையோடு மார்பு இழுக்கும்போது இதயத்தின் மேலறைகள் விரிகின்றன. உடம்பில் தண்ணீர் கூடிவிட்டது என்று இதயம் தப்பாக நினைத்து, சிறுநீரைப் பெருக்கும் ஹார்மோனை விடுகிறது. நான் பாவம், ராத்திரி தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டிருந்தேன். (தொண்டை அடைக்காமலே, மூளையிலிருந்து உத்தரவு வராமல் மூச்சு நிற்கிற வகையும் உண்டு. அதற்கு வைத்தியம் வேறு. எது என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த வயர்கள் எல்லாம்.)

டாக்டர் சிபேப் மெஷின் வாங்கச் சொன்னார், ராத்திரி மாஸ்க் வழியே காற்றை அழுத்தி அனுப்புகிற மெஷின். நான் "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றேன். அடுத்த ஆறு மாதம் அந்த மெஷினிலிருந்து தப்பிக்க என்னென்ன உண்டோ அத்தனையும் செய்து பார்த்தேன்.

முதலில் பந்து. மல்லாந்து படுக்க முடியாமல் முதுகில் ஒரு டென்னிஸ் பந்தைக் கட்டிக்கொள்வது. நானே நைட்டியின் முதுகுப் பக்கம் பை வைத்துத் தைத்தேன். சிரிக்கிற விஷயம் இல்லை, மல்லாந்தால் மட்டும் மூச்சு அடைக்கிறவர்களுக்கு இது உண்மையாகவே உதவும். மல்லாந்தால் நாக்கு பின்னால் சரிகிறது, ஒருக்களித்தால் சரிவதில்லை, அவ்வளவுதான். என் ரிப்போர்ட்டிலோ ஒருக்களித்தும் 23. பந்து, பாதி வேலைதான் செய்யும் என்று தெரிந்தேதான் தைத்தேன். மூன்று வாரத்தில் தோள்பட்டை பிடித்துக்கொண்டது.

அடுத்தது எடை. 154 சென்டிமீட்டர் உயரத்துக்கு 82 கிலோ இருந்தேன். அமெரிக்காவில் விஸ்கான்சினில் ஆட்களைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்து 2000-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். எடை 10 சதவீதம் குறைந்தால் இந்த ஏ.எச்.ஐ. சுமார் 26 சதவீதம் குறையலாம் என்று அதில் கண்டார்கள். கரும்பலகையே தேவையில்லை: 38-இல் 26 சதவீதம் போனால் 28. எட்டுக் கிலோ குறைத்தாலும் நடுத்தரத்தின் மேல் விளிம்புக்குத்தான் வருவேன். ஆனாலும் காலையில் மைதானத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்தேன், ராத்திரி சோற்றை விட்டேன். ஐந்து கிலோ குறைந்தது. நடப்பதை இன்றும் விடவில்லை.

எடைக்கு இப்போது ஊசியும் வந்திருக்கிறது. டிர்செபடைடு என்ற மருந்து, வாரம் ஒரு ஊசி. பருமனோடு நடுத்தர அல்லது கடுமையான மூச்சுத்தடை உள்ள பெரியவர்களுக்கு இதை 2024 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்தது. இந்த நோய்க்கென்று அங்கே அனுமதி பெற்ற முதல் மருந்து அதுதான். ஒரு வருஷம் போட்டவர்களுக்கு மணிக்குச் சுமார் 25 முதல் 29 தடவை வரை குறைந்ததாக ஆய்வு. பெரிய எண்தான், ஒப்புக்கொள்கிறேன். சர்க்கரைக்கும் எடைக்கும் என்று 2025 மார்ச்சில் இந்தியாவுக்கும் வந்துவிட்டது. டாக்டரிடம் கேட்டேன். "போடலாம். குமட்டல் இருக்கும், மாசா மாசம் செலவு இருக்கும், நிறுத்தினா எடை திரும்பி வரும். எடை இறங்குற வரைக்கும் ராத்திரி மூச்சுக்கு என்ன பண்ணுவீங்க?" என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஊசி யோசனையை ஒத்திவைத்தேன்.

அப்புறம் பல் டாக்டர். கீழ்த்தாடையைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் பிடிக்கிற ஒரு கருவி இருக்கிறது, ராத்திரி மட்டும் போட்டுக்கொள்வது. தாடை முன்னால் வந்தால் நாக்கும் வரும், வழி திறக்கும். லேசான, நடுத்தர நிலையில் உள்ளவர்களுக்கும் மெஷின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் நல்ல வழி. கையில் எடுத்துப் போகலாம், கரண்ட் வேண்டாம். எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அவர் என் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "கருவி பிடிச்சு நிக்கப் பல்லு வேணுமேம்மா" என்றார். கடைவாய்ப் பல் நாலும், ஈறு ஆடியதால் இன்னும் இரண்டும் எப்போதோ போய்விட்டன. பல் விஷயத்தில் செய்த அலட்சியத்துக்கு இப்படி ஒரு வட்டி.

ஆபரேஷனைப் பற்றியும் விசாரித்தேன். உள்நாக்கையும் மேலண்ணத்தின் தொங்கும் பகுதியையும் வெட்டிச் சீராக்குவது பழைய முறை. ஆளுக்கு ஆள் பலன் மாறும், வலி அதிகம். எங்கே அடைக்கிறது என்று மயக்கம் கொடுத்துக் குழாய் விட்டுப் பார்த்த பிறகுதான் முடிவு செய்வார்கள். நாக்கை அசைக்கிற நரம்பைத் தூண்டி, ஒவ்வொரு மூச்சுக்கும் நாக்கை முன்னால் தள்ளுகிற கருவியை மார்பில் பதிக்கிற முறையும் இருக்கிறது. அமெரிக்காவில் 2014-இல் அனுமதி கிடைத்தது. படிக்கப் பிரமிப்பாக இருந்தது, என் சம்பளத்துக்கு எட்டாது. குழந்தைகள் விஷயம் நேர் எதிர். அவர்களுக்குப் பெரும்பாலும் டான்சிலும் அடினாய்டும் வீங்குவதுதான் காரணம், அதனால் ஆபரேஷன்தான் முதல் வைத்தியம். வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுத் தூங்குகிற ஐந்து வயதுப் பிள்ளையை, நல்லா அசந்து தூங்குது என்று விட்டுவிடாதீர்கள். அந்தப் பிள்ளைதான் வகுப்பில் ஒரு இடத்தில் உட்காராது.

இனி சங்குக்கு வருகிறேன்.

மகன் ஒரு செய்தியை அனுப்பினான். ஜெய்ப்பூரில் ஒரு டாக்டரிடம் வந்த மூச்சுத்தடை நோயாளிகள், சங்கு ஊதுகிற பழக்கத்தால் தங்களுக்கு நல்ல தூக்கம் வருவதாகச் சொன்னார்களாம். அவர் அதையே ஆய்வாகச் செய்து 2025-இல் வெளியிட்டிருக்கிறார். 30 பேர். 16 பேர் சங்கு ஊதினார்கள், மற்றவர்கள் ஆழ்ந்து மூச்சு விடும் பயிற்சி. நாளைக்குக் குறைந்தது 15 நிமிஷம், வாரம் ஐந்து நாள், ஆறு மாதம். சங்கு ஊதியவர்களுக்குப் பகல் தூக்கம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, மூச்சு நிற்பதும் மணிக்கு நாலைந்து தடவை குறைந்தது. ஊதும்போது தொண்டைத் தசைக்கு உடற்பயிற்சி ஆகிறது என்பது விளக்கம். இதற்கு முன்பே 2006-இல் சுவிட்சர்லாந்தில் 25 பேரை வைத்து, ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களின் டிஜெரிடூ என்ற நீளக் குழலை நாலு மாதம் ஊதச் சொல்லிப் பலன் பார்த்திருக்கிறார்கள். நம் நாகஸ்வரக்காரர்கள் நன்றாகத் தூங்குவார்களா என்று யாராவது கேட்டுப் பார்க்க வேண்டும்.

சங்குக்கு எங்கே போவது என்ற கேள்வியே இல்லை. மாமனார் ராமேஸ்வரத்தில் வாங்கி வந்த வலம்புரி (என்று கடைக்காரன் சொன்ன) சங்கு பூஜை அலமாரியில் இருந்தது. ஒரு சனிக்கிழமை காலை, அத்தை குளிக்கப் போன நேரம் பார்த்து எடுத்தேன். முதல் பத்து நிமிஷம் வெறும் காற்றுதான் வந்தது. உதட்டை எப்படிக் குவிப்பது என்று வீடியோ பார்த்து, அடிவயிற்றிலிருந்து ஒரு ஊது ஊதினேன் பாருங்கள், எனக்கே உடம்பு சிலிர்த்துவிட்டது. தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

கேட்டது. எதிர்வீட்டு அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடி வந்தார். அத்தைக்கு எண்பத்திரண்டு வயது. சங்குச் சத்தம் கேட்டால் தெருவில் யாருக்கு என்ன தோன்றும்? அதற்குள் அத்தையே ஈரத் தலையோடு குளியலறையிலிருந்து வெளியே வந்து நின்றார். "வீட்டுக்குள்ள நின்னுக்கிட்டு யாருக்குடி சங்கு ஊதுறே? நான் இன்னும் இருக்கேன்டி!"

வடக்கே சங்கு பூஜைக்கு. இங்கேயும் கோயிலில் ஊதுவார்கள்தான். ஆனால் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குள்ளிருந்து சங்கு கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம். ஜெய்ப்பூர் டாக்டருக்கு இந்தச் சிக்கல் இருந்திருக்காது. அத்தை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சங்கு அலமாரியின் மேல் தட்டுக்குப் போய்விட்டது. எப்படியும் 38-இல் ஐந்து போனால் 33 தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

ஆறு மாதத் தப்பித்தல் அரையாண்டுத் தேர்வு சமயத்தில் முடிந்தது. காலை ஒன்பது மணி, நல்ல வெயில். ஸ்கூட்டியில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கிறேன். அடுத்து கண்ணில் படுவது நின்றுகொண்டிருக்கிற ஒரு டிராக்டரின் பின் கதவு. நடுவில் இருந்த ரோடு எங்கே போனது என்று தெரியவில்லை. பிரேக் பிடித்து, விழுந்து, முழங்கையைத் தேய்த்துக்கொண்டதோடு போயிற்று. அந்த வழியில்தான் என் பிள்ளைகள் சைக்கிளில் வருவார்கள். சாயங்காலம் டாக்டருக்குப் போன் செய்தேன்.

சிபேப் என்பது பெரிய வித்தை இல்லை. காற்றிறங்கிய சைக்கிள் டியூப் ஒட்டிக்கிடக்கும், காற்றடித்தால் வழி திறக்கும். அதேதான். காற்றைச் சீரான அழுத்தத்தில் மூக்கு வழியே அனுப்பித் தொண்டையைத் திறந்து வைக்கிறது. ஆக்ஸிஜன் சிலிண்டர் எல்லாம் இல்லை, அறையில் உள்ள அதே காற்றுதான். அழுத்தம் 4 முதல் 20 சென்டிமீட்டர் தண்ணீர் அளவு வரை வைக்கலாம், எனக்கு 11 தேவைப்படுகிறது. ஒரு சொம்புத் தண்ணீரில் உறிஞ்சுகுழாயை 11 சென்டிமீட்டர் ஆழம் விட்டுக் குமிழி வர ஊதிப் பாருங்கள், அவ்வளவுதான் அந்த அழுத்தம். சிட்னியில் காலின் சல்லிவன் என்ற டாக்டர் 1980-இல் வாக்குவம் கிளீனர் மோட்டாரைத் திருப்பி வைத்து, மூக்கில் மாஸ்க்கை ஒட்டி முதன்முதலில் இதைச் செய்திருக்கிறார். அதற்கு முன் கடுமையான நிலையில் உள்ளவர்களுக்குக் கழுத்தில் துளை போடுவதுதான் வைத்தியம். இதைப் படித்த அன்று, சரி, மாஸ்க்குக்கு இவ்வளவு சிணுங்க வேண்டாம் என்று தோன்றியது.

தானாக அழுத்தம் மாற்றிக்கொள்கிற வகை மெஷின் வாங்கினோம். மாஸ்க் உட்பட 58,000 ரூபாய் ஆயிற்று. வாங்குவது சுலபம். அதோடு வாழ்வதுதான் வைத்தியம், அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. முதல் மாஸ்க் மூக்கையும் வாயையும் மூடுகிற பெரியது. மேல் விளிம்பில் காற்றுக் கசிந்து கண்ணில் அடிக்கும், காலையில் கண் மிளகாய் மாதிரி இருக்கும். இரண்டாவது, மூக்கை மட்டும் மூடுவது. அது சரியாக என் மூக்குத்தி மேல் வந்து உட்கார்ந்தது. அழுத்தினால் வலி, தளர்த்தினால் கசிவு. ராத்திரி மட்டும் கழற்றி வைக்கிறேன் என்றால் அத்தை முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. மாஸ்க் கம்பெனிக்காரர்கள் எந்த ஊர் மூக்கை வைத்து அளவெடுக்கிறார்களோ. கடைசியில் மூக்குத் துவாரத்துக்குக் கீழே மட்டும் ஒட்டிக்கொள்கிற சின்ன வகை கிடைத்தது. மூக்குத்தி தப்பியது. பின்னலைப் பட்டைக்கு மேலே எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும், கொண்டை கூடாது. இதைக் கண்டுபிடிக்கவே இரண்டு மாதம். முதல் மாஸ்க்கோடு கைவிட்டுவிட்டு மெஷினைப் பீரோ மேல் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால், தயவுசெய்து மாஸ்க்கை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். தொண்டை வறண்டால் ஈரப்பதத் தொட்டியைப் போட்டுக்கொள்ளலாம். அதில் எங்கள் போர் தண்ணீரை ஊற்றினேன், ஒரே வாரத்தில் உப்பு வெள்ளையாகப் படிந்துவிட்டது. இப்போது மருந்துக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் வாங்குகிறேன். மாஸ்க்கைத் தினமும் சோப்புத் தண்ணீரில் அலச வேண்டும். ஆரம்பத்தில் வயிற்றில் காற்றுப் போய் உப்பியது, அழுத்தத்தை மெதுவாக ஏற்றும்படி மாற்றியதும் சரியாயிற்று. கரண்ட் போனால் மூச்சு முட்டாதா என்று எல்லாரும் கேட்கிறார்கள். மாஸ்க்கில் காற்று வெளியேறத் துளை உண்டு, மெஷின் நின்றதும் நமக்கே விழிப்பு வந்துவிடும். இவர் இன்வெர்ட்டரிலிருந்து கட்டில் பக்கத்துக்குத் தனி லைன் இழுத்துவிட்டார். பேச மாட்டார், லைன் இழுப்பார்.

காலையில் மெஷின் மார்க் போடுகிறது. எத்தனை மணி நேரம், எவ்வளவு கசிவு, ஏ.எச்.ஐ. எவ்வளவு. என்னுடையது இப்போது 3-க்கும் கீழே. ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். ராத்திரி எழுந்திருப்பது ஒரு தடவைதான், அதுவும் சில நாள். தலைவலி இல்லை. பிரஷர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஆனால் மாத்திரை எதையும் டாக்டர் நிறுத்தவில்லை. மெஷின் போட்டால் மாரடைப்பு வராதா என்று கேட்டதற்கு, அப்படிச் சொல்ல முடியாது என்று நேர்மையாகச் சொன்னார். 2016-இல் இரண்டாயிரத்து எழுநூறு பேருக்கு மேல் வைத்துச் செய்த ஆய்வில் இதய நோய் குறைந்ததாகத் தெரியவில்லையாம். அதில் கலந்துகொண்டவர்கள் சராசரியாக ராத்திரிக்கு 3.3 மணி நேரம்தான் மாட்டியிருக்கிறார்கள். "பகல் தூக்கம் குறையும், வாழ்க்கை நல்லா இருக்கும், அது உறுதி. மீதிக்கு முழு ராத்திரியும் போடுங்க, பார்ப்போம்" என்றார்.

போன மாதம் மறுபடி ஒரு கல்யாணம், இந்தத் தடவை கீரனூரில். மெஷின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் போனேன். மாடி ஹாலில் பிளக் பாயிண்ட் எங்கே இருக்கிறது என்று பார்த்து அதன் பக்கத்தில் ஜமக்காளம் விரித்தேன். நான் மாஸ்க்கை மாட்டியதும் ஒரு கூட்டம் கூடிவிட்டது. "பிள்ளையாராட்டம் இருக்கேடி" என்றார் ஒரு பெரியம்மா. போன் வைத்திருந்த பெண்களும் வந்தார்கள். அவர்களையே ஸ்விட்ச் போடச் சொன்னேன்.

ராத்திரி இரண்டு மணி இருக்கும், விழிப்பு வந்தது. ஹாலில் வேறு யாரோ குறட்டை. பெரியம்மா மகள், என்னைவிட ஆறு வயது மூத்த அக்கா. நல்ல சத்தம். சட்டென்று நின்றது. மின்விசிறிச் சத்தம் மட்டும். எண்ண ஆரம்பித்தேன். பத்து. பதினைந்து. இருபத்தாறில் இழுத்தார்.

காலையில் காபியைக் கொடுத்து, தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினேன். "போடி, நான் எங்கடி குறட்டை விடுறேன்" என்றார் முதலில். அப்புறம், ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள் என்று கேட்டதும் பேச்சு நின்றது. வருகிற வெள்ளிக்கிழமை திருச்சிக்கு அழைத்துப் போகிறேன். தலைக்கு எண்ணெய் வைக்காமல் வரச் சொல்லியிருக்கிறேன்.